கம்பிச்சடக்கும் பால்மரக்காடும்: பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு சைக்கிள் பயணம்



காரும் மோட்டார் சைக்கிளும் உரசாமல், பிள்ளைகளை முன்னால் விட்டு நாம் பின்னால் நிம்மதியாக மிதித்துப் போக, கிள்ளான் பள்ளத்தாக்கில் இடம் இருக்கிறதா? இருக்கிறது. அப்படிப்பட்ட சில பாதைகளுக்கு இன்று உங்களை அழைத்துப் போகிறேன். புறப்படும் இடம் பிரிக்பீல்ட்ஸ். வரும் வழியில் ஒன்றைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். நாம் போகப்போகும் பாதைகளில் முக்கியமானவை நம் முன்னோர் வேலை செய்த மண்ணில்தான் கிடக்கின்றன. ஒன்று ரயில்வே, இன்னொன்று ரப்பர்த் தோட்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி என்று வைத்துக்கொள்வோம். இந்த ஊரில் அப்போதுதான் விடிகிறது. ஜாலான் துன் சம்பந்தனில் பூக்கடைக்காரர்கள் மாலை தொடுக்க உட்கார்ந்துவிட்டார்கள். தோசைக்கல் சூடாகிக்கொண்டிருக்கிறது. பசியாறிவிட்டே புறப்படலாம்.

இந்த வட்டாரத்தின் கதை செங்கல் சூளையில் தொடங்குகிறது. 1881-ல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, மரமும் அத்தாப்பும் வேண்டாம், செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டுங்கள் என்று உத்தரவு வந்தது. அந்தச் செங்கல் இங்கேதான் சுடப்பட்டது. பின்னாலேயே ரயில்வே வந்தது. சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் யார்டு வந்தது, குவாட்டர்ஸ் வரிசைகள் எழுந்தன. கம்பிச்சடக்குப் போடத் தமிழகத்திலிருந்து வந்தவர்களும், கிராணி வேலைக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும் இங்கே குடியேறினார்கள். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோவில் யாழ்ப்பாணத்தார் எழுப்பியது. 1915-ல் கட்டிய நூறு குவாட்டர்ஸ் இன்று இல்லை. யார்டு இருந்த நிலத்தில் 2001-ல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது.

இந்த ரயில் மண்ணை ஒட்டித்தான் நம் முதல் பாதை. 2015 ஏப்ரலில் கோலாலம்பூர் மாநகர் மன்றம் மிட்வேலிக்கும் மெர்டேக்கா சதுக்கத்துக்கும் இடையே 5.5 கிலோமீட்டர் நீளத்துக்குத் தனிச் சைக்கிள் பாதை ஒன்றைத் திறந்தது. அது பிரிக்பீல்ட்ஸ் வழியாகப் போகிறது. ஆற்றோரப் பகுதிதான் இதில் சுகமான பகுதி. ஒரு பக்கம் கான்கிரீட் கரைக்குள் கிள்ளான் ஆறு. முதல் நாள் மழை பெய்திருந்தால் தண்ணீர் தேநீர் நிறத்தில் வேகமாக ஓடும். கரைச் சரிவில் கொக்கு நிற்கும். வெயில் ஏறினால் உடும்பு ஒன்று வந்து படுத்துக்கொள்ளும். காதைக் கொடுத்தால் கொமுட்டர் ரயில் தடம் மாறும் சத்தம் கேட்கும். வடக்கே போனால் 1910-ல் கட்டி முடித்த பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்தின் வெள்ளைக் கோபுரங்கள் தெரியும்.

2018-ல் நகரின் நடுவில் இன்னும் 11 கிலோமீட்டருக்குச் சாலையோரத்தில் நீல வண்ணம் அடித்துச் சைக்கிள் தடம் போட்டார்கள். இரண்டிலும் ஓட்டிப் பார்ப்பவருக்கு வித்தியாசம் உடனே புரியும். வண்ணத்தின் மேல் கார் ஏறி நின்றுவிடும். ஆற்றோரப் பாதையில் காருக்கு நுழையவே வழி இல்லை, அதனால்தான் அங்கே பிள்ளையை நம்பி விட முடிகிறது. பாதை சாலையோடு கலக்கும் இடங்களில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். மெர்டேக்கா சதுக்கம் வந்ததும் இன்னொரு வசதி காத்திருக்கிறது. 2014 ஜனவரியில் தொடங்கிய ‘காரில்லாக் காலை’ ஏற்பாட்டில், ஞாயிறு காலையில் நகரின் நடுச் சாலைகளை மூடிச் சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து காட்டுக்குப் போவோம். கேஎல் சென்ட்ரலிலிருந்து நடைபாதை வழியே முசியம் நெகாரா எம்ஆர்டி நிலையத்துக்குப் போனால், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் நிலையம் தூரமில்லை. மடக்கு சைக்கிள் இருப்பவர்கள் அதைக் கையோடு கொண்டு போகலாம். கரடுமுரடான மண்தடத்தில் ஏற வேண்டுமானால் தடித்த டயர் கொண்ட மலைச் சைக்கிள் வேண்டும். அந்த நிலையப் பக்கமிருந்து மேலே தெரியும் பச்சைக் குன்றுதான் புக்கிட் கியாரா.

பார்த்தால் அடர்காடு. உள்ளே போய் ஒரு மரத்தின் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தி, பட்டையைத் தொட்டுப் பாருங்கள். இடுப்பு உயரத்தில், இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் பழைய வெட்டுத் தழும்புகள் விரலில் தட்டுப்படும். அது பால் வெட்டிய உளியின் தடம். இந்தக் குன்று ஒரு ரப்பர்த் தோட்டமாக இருந்தது. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வாளியும் உளியுமாக, மங்கு மங்காகப் பால் சேர்த்தவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். 1970களில் அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டது. பால்மரங்களைக் கவனிக்க ஆளில்லை. கீழே புதர் வளர்ந்தது, நடுவே வேறு மரங்கள் முளைத்தன, தோட்டம் காடாகிவிட்டது. பிறகு தன்னார்வச் சைக்கிளோட்டிகள் மண்வெட்டி எடுத்து, மரத்துக்கு மரம் வளைந்து போகும் ஒற்றையடித் தடங்களை வெட்டிப் பராமரித்தார்கள். அவற்றில் கார் நுழைய இடமே இல்லை.

இந்தத் தடங்களில் ஓட்டும்போது சத்தத்தைக் கேளுங்கள். வெயில் காலத்தில் காய்ந்த ரப்பர்க் காய் ‘படார்’ என்று வெடித்து, விதைகள் இலைச் சருகில் சிதறி விழும். பழுப்புப் புள்ளி போட்ட, பளபளவென்ற விதை. ஒன்றின் மேல் ஒன்றை வைத்து உள்ளங்கையால் ஓங்கி அடித்து, யாருடைய விதை உடையாமல் நிற்கிறது என்று விளையாடிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியைக் கேளுங்கள். பிள்ளைகள் கையில் இரண்டு விதையைக் கொடுத்து விளையாடச் சொல்லுங்கள். ஓட்டுவதில் ஒரே எச்சரிக்கை: மழைக்குப் பிறகு வேர்கள் சோப்புப் போல வழுக்கும். மழை பெரும்பாலும் பின்னேரத்தில் வரும், எனவே காலையிலேயே முடித்துவிடுங்கள்.

குன்றின் அடிவாரத்தில் தாமான் ரிம்பா கியாரா பூங்கா. ஏறக்குறைய 25 ஏக்கர். பக்கத்திலேயே நீண்ட வீடுகள் நிற்கின்றன. தோட்டம் கைமாறிய பிறகு, 1980களின் தொடக்கத்தில், அந்தத் தொழிலாளர் குடும்பங்களைத் தற்காலிகமாகக் குடிவைத்த வீடுகள் அவை. பூங்காவின் ஒரு பகுதியில் வானளாவிய அடுக்குமாடிகள் கட்ட 2017-ல் அனுமதி கொடுக்கப்பட்டபோது, அந்த நீண்ட வீட்டுக் குடும்பங்களுக்கான வீடுகளும் அதே திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தன. சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்று உறுதிசெய்தது. பூங்கா தப்பியது. அதில் எனக்கு மனப்பூர்வமான மகிழ்ச்சி. ஆனால் அந்தத் தீர்ப்பைக் கொண்டாடும் ஒவ்வொரு சைக்கிளோட்டியும் நீண்ட வீட்டு வாசலையும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். பாதை நமக்கு, பல்லாண்டுக் காத்திருப்பு அவர்களுக்கு என்பது நியாயம் ஆகாது. பூங்காவும் வேண்டும், அங்கே பால் வெட்டிய குடும்பங்களுக்குச் சொந்த வீடும் வேண்டும். நாம் புறப்பட்ட தெருவுக்குப் பெயர் கொடுத்த துன் வீ.தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்படுவதால் நம் மக்கள் நடுத்தெருவுக்கு வரக்கூடாது என்றுதான் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்த அக்கறை இன்னும் தேவைப்படுகிறது.

சிறு பிள்ளைகள் உள்ளவர்களுக்குக் கியாராவின் மண்தடம் கடினம். அவர்கள் ஷா ஆலம் தேசியத் தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். சொந்தக் காரை வாசலிலேயே விட வேண்டும். உள்ளே வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கும். மரநிழலில் ஏற்ற இறக்கத்தோடு நீண்டு போகும் தார்ப்பாதைகள். புத்ராஜெயா ஏரிக்கரையும் குடும்பங்களுக்கு ஏற்றதே.

இப்போது கொமுட்டர் ஏறிக் கிள்ளானுக்கு வாருங்கள். இந்தத் தடத்தின் கதை 1886-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகே புக்கிட் கூடா வரை ஏறக்குறைய 31 கிலோமீட்டர் ரயில் பாதை திறந்தார்கள். கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கினால் தெங்கு கிளானா சாலை, நகைக்கடை, புடவைக்கடை, முறுக்கு வாசம். அங்கிருந்து எட்டும் தூரத்தில் கோத்தா பாலம். 1961-ல் திறந்த இரட்டை அடுக்குப் பாலம் இது. மேல் தளம் வண்டிகளுக்கு, கீழ்த் தளம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று அன்றே பிரித்துக் கட்டினார்கள். பின்னர் பக்கத்தில் புதுப்பாலம் வந்து மேல் தளத்தில் வண்டி ஓட்டம் நின்றது. கீழ்த் தளம் மட்டும் தொடர்ந்து புழங்கியது. தலைக்கு மேல் இரும்புச் சட்டம், காலுக்குக் கீழே ஆறு, பக்கவாட்டில் வரும் காற்று. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சைக்கிளுக்குத் தனி வழி விட்ட ஊர் நம் கிள்ளான்.

வெளிநாடுகளில் கைவிட்ட ரயில் தடங்களைச் சைக்கிள் பாதையாக மாற்றுகிறார்களே, இங்கே ஏன் இல்லை என்று நீங்கள் கேட்கலாம். கோலாலம்பூரில் கைவிட்ட தடம் சும்மா கிடக்கவில்லை. பழைய அம்பாங் கிளைப்பாதை மேல்தான் 1996-ல் எல்ஆர்டி ஓடத் தொடங்கியது. நகருக்குள் ரயிலே திரும்பி வந்தது நல்லதுதான். ஆனால் நம் மலாயன் ரயில்வே ஓடிய ஒரு தடம் சைக்கிள் பாதையாக இருக்கிறது, சிங்கப்பூரில். 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. அன்று அதை ஓட்டியவர் ஜொகூர் சுல்தான். அதன் பிறகு உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் நிலத்தைப் பச்சைப் பாதையாக வைத்துக்கொண்டார்கள். புக்கிட் தீமாவில் இரண்டு இரும்புப் பாலங்கள் அப்படியே நிற்கின்றன. அங்கிருக்கும் சின்ன ஸ்டேஷனில் கடைசி நாள் வரை, ரயில் ஓட்டுநரும் ஸ்டேஷன் ஊழியரும் ஒற்றைத் தடத்துக்கான டோக்கனைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டார்கள். இன்று அதன் முன்னால் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

ரயில் தடம் சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது? கரி எஞ்சின் ஏறும்படி மெல்லிய சரிவாகத்தான் அந்த மண்மேட்டைப் போட்டார்கள். அதனால் முட்டி வலிக்காமல் யாரும் மிதிக்கலாம். நம் நாட்டிலும் இரட்டைத் தடப் பணிகளால் ரயில் புதுவழிக்கு மாறியபோது பழைய தடத்தின் துண்டுகள் அங்கங்கே மிஞ்சின. அவற்றை விற்றுக் கட்டடமாக்குவதற்கு முன்னால், மக்களுக்கான பாதையாக ஒதுக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் ஆற்றோரப் பாதையை ஆற்றைத் தொட்டே கிள்ளான்வரை நீட்ட வேண்டும். உங்கள் வட்டார மன்றம் திட்ட வரைவைப் பார்வைக்கு வைக்கும்போது போய் இதை எழுத்தில் கேளுங்கள். கியாரா வழக்கில் வென்றவர்கள் அப்படி எழுதத் தொடங்கிய சாதாரணக் குடியிருப்பாளர்களே.

வரும் ஞாயிறு சைக்கிளுக்குக் காற்றடித்து வையுங்கள். பிள்ளைகளை அழைத்துப் போகும்போது, இந்தக் கம்பிச்சடக்கு யார் போட்டது, இந்த மரத்தில் யார் பால் வெட்டினார்கள் என்று சொல்லிக்கொண்டே மிதியுங்கள். தெரிந்த மண்ணைத்தான் அவர்கள் நாளைக்குக் கேட்டு வாங்குவார்கள்.