நிழற்படத்தின் நுண்புள்ளிகள்



வன்னிப் பெருநிலப்பரப்பிலே பல குடும்பங்கள் போற்றிக் காக்கும் செல்வங்களுள் சிறு நிழற்படமும் ஒன்று. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையோர வீடுகளை வாரிச் சென்றது. 2008ஆம், 2009ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரையும், பின்னர் செட்டிகுளத்து முகாம்கள் வரையும் இடம்பெயர்ந்த மக்கள், கையில் எடுக்கக்கூடியதை மட்டுமே எடுத்துச் சென்றனர். அல்பங்கள் பல வழியிலே அழிந்தன. அடையாள அட்டைக்கென எடுத்த படமோ, கலியாண வீட்டுப் படத்தின் ஓரத்தில் நின்ற முகமோ மட்டுமே சிலருக்கு மிஞ்சின. 2017ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தொடர் போராட்டங்களைத் தொடங்கியபோது, அவர்கள் ஏந்தி நின்றவை தம் உறவுகளின் படங்களையே.

சிறு படத்தைப் பெருப்பிக்கும்போது முகம் மங்குவது ஏன்? மங்கிய முகத்தைத் தெளிவாக்க இயலுமா? இயலுமாயின் எந்த எல்லை வரை? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

டிஜிட்டல் படம் என்பது சதுரப் புள்ளிகளால் இழைத்த பாய் போன்றது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தை மட்டுமே தாங்கும். இப்புள்ளியைப் பிக்சல் என்பர். 1957ஆம் ஆண்டில் ரசல் கேர்ச் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், மூன்று மாதக் குழந்தையாயிருந்த தம் மகனின் நிழற்படத்தைக் கணினிக்குள் செலுத்தினார். இவ்வாறு கணினிக்குள் சென்ற முதற்படம் அதுவே. அதன் அகலத்தில் 176 புள்ளிகள், உயரத்தில் 176 புள்ளிகள். ஆக 30,976 புள்ளிகள். இன்றைய கைத்தொலைபேசிக் கமராவோ ஒரு படத்துக்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளைப் பதிவு செய்கின்றது. புள்ளிகள் மிக மிக, மூக்கின் நிழலும் நெற்றித் தழும்பும் தனித்தனியே துலங்கும்.

அவ்வாறாயின் ஒரு படத்துக்கு எத்தனை புள்ளிகள் வேண்டும்? அது நாம் பார்க்கும் தூரத்தைப் பொறுத்தது. ஓரடி தூரத்தில் கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு, அங்குலம் ஒன்றுக்கு 300 புள்ளிகள் இருத்தல் நன்று. ஆறு அங்குல அகலமும் நான்கு அங்குல உயரமும் உடைய படத்துக்கு 1,800க்கு 1,200 புள்ளிகள் என்பது இக்கணக்கு. ஆனால், ஆறடி தூரத்திலிருந்து பார்க்கும் பதாகைக்கு அங்குலத்துக்கு 50 புள்ளிகளே போதும். ஓரடி அகலப் பதாகை 600 புள்ளிகளுடன் நிறைவு பெறும்.

இக்கணக்கு நமக்கு ஆறுதல் தருவது. 35 மில்லி மீற்றர் அகலமும் 45 மில்லி மீற்றர் உயரமும் கொண்ட சிறு படத்தை, ஸ்கானரில் வைத்து அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வீதம் பதிந்தால், ஏறத்தாழ 827க்கு 1,063 புள்ளிகள் கிடைக்கும். மூலப்படம் தெளிவாக இருக்குமாயின், ஓரடிப் பதாகைக்கு இது தாராளம். சிறு படம் என்பதனால் மட்டும் மனம் தளர வேண்டியதில்லை.

பெரும்பாலும் கேடு நேர்வது வேறிடத்தில். சுவரில் மாட்டிய படத்தைக் கைத்தொலைபேசியால் எடுத்து, வட்ஸ்அப் வழியே வெளிநாட்டு உறவினருக்கு அனுப்புகிறோம். அனுப்பும் வேகத்துக்காக அச்செயலி புள்ளிகளைக் குறைத்துச் சுருக்கிவிடுகின்றது. அவர் அதனை மற்றொருவருக்கு அனுப்ப, அங்கும் நுணுக்கம் குறையலாம். கடைசியில் அச்சகத்துக்கு வந்து சேர்வது தேய்ந்துபோன பிரதியே. அதனைப் பெருப்பித்துவிட்டு, முகம் தெரியவில்லையே என்று வருந்துகிறோம்.

இரணைமடுக் குளத்து நீரை எண்ணிப் பாருங்கள். குளத்தில் வந்து சேர்ந்த நீரே வயலுக்குப் பாயும். வாய்க்காலை அகலமாக வெட்டுவதால் குளத்து நீர் பெருகுவதில்லை. படம் பெருப்பிக்கும் கணினியின் நிலையும் இதுவே. இரு புள்ளிகளுக்கு இடையே புதிய புள்ளி ஒன்றை வைக்க நேரும்போது, அது அயற்புள்ளிகளின் நிறங்களைக் கொண்டு கணக்கிட்டு நிரப்புகின்றது. விளிம்புகள் மென்மையாகும், பதியப்படாத நுணுக்கம் எதுவும் புதிதாகத் தோன்றுவதில்லை.

இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவு என்னும் கருவி வந்திருக்கின்றது. மங்கிய முகத்தைக் கொடுத்தால், கண்ணிமைப்போதில் கண்ணிமை முதலாகத் தெளிந்த முகத்தை அது தருகின்றது. வியக்கத்தக்கதே! ஆயினும், அத்தெளிவு எங்கிருந்து வந்தது? பற்பல அந்நியரின் முகங்களைக் கற்ற கருவி, இம்முகம் இப்படி இருக்கலாம் என்று ஊகித்து வரைகின்றது. 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர் உருவாக்கிய அத்தகைய கருவியொன்றுக்கு, முன்னாள் ஜனாதிபதி பராக் ஒபாமாவின் மங்கலாக்கிய படத்தைக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளையரின் முகத்தைத் தந்தது. உலகறிந்த முகத்துக்கே அக்கதி நேர்ந்ததென்றால், பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ வாழ்ந்த ஓர் இளைஞனின் முகத்துக்கு என்ன நேரும்? தாய் அறிந்த மச்சமும் கோணற் பல்லும் மறைந்து, யாரோ ஒருவனின் அழகிய முகம் அங்கே குடியேறலாம். வீட்டுச் சுவருக்கு அது அலங்காரமாகலாம். காணாமற்போனவரைத் தேடும் முறைப்பாட்டுக்கு அது சான்றாகாது. அடையாளம் காண்போரை வழிதவறச் செய்யவும் கூடும்.

ஆகவே, செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறுகின்றேன். முதலாவது, மூலப்படத்தைத் தேடுங்கள். அச்சுப்படமோ பழைய பிலிமோ உறவினரிடத்தில் இருக்கக்கூடும். இரண்டாவது, அதனை ஸ்கானரிலே அங்குலத்துக்கு 600 புள்ளிகளுக்குக் குறையாமல் பதியுங்கள். ஸ்கானர் கிடைக்காவிடில், பகல் வெளிச்சம் படும் நிழலில் வைத்து, கண்ணாடிப் பளபளப்பு விழாதவாறு, கமராவை நேராகப் பிடித்து எடுங்கள். மூன்றாவது, வட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணம் என்ற பகுதியைத் தெரிந்து அனுப்புங்கள். படம் சுருங்காது செல்லும். நான்காவது, மூலப் பதிவில் எதனையும் திருத்தாது, இரண்டு மூன்று இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் கூட்டுதல், கீறல் நீக்குதல் யாவற்றையும் பிரதியிலே செய்யுங்கள். ஐந்தாவது, செயற்கை நுண்ணறிவால் திருத்திய படமாயின், அதனை அப்படத்திலேயே எழுதி வையுங்கள். 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கோ வேறெவர்க்கோ படம் கொடுக்க நேர்ந்தால், திருத்தாத படத்தையே கொடுங்கள்.

மங்கலாயினும் உண்மையான முகம் ஒன்று உண்டு. தெளிவாயினும் கற்பனையான முகம் ஒன்று உண்டு. பார்த்த கண்ணுக்கு இரண்டாவது இனிக்கலாம். பெற்ற தாய்க்கு வேண்டியது முதலாவதே. அதனை அழியாமற் காப்பது நம் கையில் இருக்கின்றது.