ஏணையில் ஒரு கங்காருக் குட்டி

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் அவுஸ்திரேலியாவிலிருந்து வருகை தந்த பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாவில் பேச வரும்படி செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, "உன்ரை மிருகங்களைப் பற்றிக் கதையன்" என்றார். அவரும் நானும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள், மறுக்க முடியவில்லை. "ஹொக்கியைப் பற்றியும் கதைப்பேன்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை, பிறகு ஒரே சிரிப்பு. இல்ல விளையாட்டுப் போட்டி என்றால் தலையிடி என்று சொல்லி நூலகத்துக்குள் ஒளிந்தவள் நான். முன்வரிசையில் இருக்கும் எங்கள் விளையாட்டு ஆசிரியை இப்போது தலையை ஆட்டுகிறா. ரீச்சர், மன்னிக்க வேணும்.

நாங்கள் இருப்பது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிட்னிக்கு மேற்கே ஏறக்குறைய 250 கிலோமீற்றர் தள்ளி, ஒரேஞ்ச் என்னும் ஊரில். பெயர்தான் ஒரேஞ்ச். தோடம்பழம் அங்கே விளையாது, அவ்வளவு குளிர். அப்பிளும் செரியும் முந்திரிகையும்தான். கணவருக்கு அங்கே வேலை கிடைத்தது, போனோம். ஊர் எல்லையில் மூன்று ஏக்கர் காணியும் ஒரு பழைய வீடும் வாங்கினோம். இரண்டு பெண் பிள்ளைகள்.

அந்தப் பக்கத்து ஊர்களில் குளிர்காலம் வந்தால் பிள்ளைகளுக்கு ஹொக்கி. கனடாவிலிருந்து வந்திருக்கும் அக்காமார் பனிக்கட்டியில் ஆடுவதை நினைக்க வேண்டாம். இது பச்சைச் செயற்கைத் தரையில் மட்டையும் பந்துமாக ஓடி ஆடுவது. அந்த நாட்டுப் பெண்கள் அணி 1988 இல் சியோலிலும் 1996 இல் அற்லாண்டாவிலும் 2000 இல் சிட்னியிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றது. அணியின் பெயர் ஹொக்கிரூஸ், கங்காருவில் பாதியை எடுத்து ஒட்டிய பெயர். ஆண்கள் அணிக்குக் குக்கபரா என்ற பறவையின் பெயர். ஆக, நான் பேசப் போகும் இரண்டு விடயங்களையும் முடிச்சுப் போட்டவர்கள் அவர்கள், நானல்ல.

மூத்தவள் மூன்றாம் வகுப்பில் ஒரு துண்டுக் கடிதத்தோடு வந்தாள். மட்டை, முழங்கால் கீழ்க் காப்பு, பல்லுக்குக் காப்பு என்று ஒரு பட்டியல். நானும் எங்கள் ஊர்த் தாய்மாரைப் போலவே கணக்குப் போட்டேன், ஒரு சனிக்கிழமை போனால் எத்தனை பயிற்சி வினாத்தாள் போகிறது என்று. அவளுக்கு ஓட்டம் மெதுவு. என்னுடைய பிள்ளைதானே. ஆகவே கோல் காப்பில் நிறுத்தினார்கள். அந்தக் கவசமெல்லாம் போட்டால் பிள்ளை தெரியாது, நடமாடும் ஒரு மெத்தைதான் தெரியும். ஆனால் பந்து வரும்போது அவள் கண்ணை மூடவில்லை. அதை முதலில் கவனித்தவர் பயிற்றுநர். அவர் தொழிலால் குழாய் பொருத்துபவர், ஒரு சதமும் வாங்காமல் பத்து வருடமாகப் பிள்ளைகளைப் பழக்குகிறவர். அங்கே எல்லாம் பெற்றோர்தான் செய்கிறார்கள். நடுவர் வேலை, சிற்றுண்டிச் சாலை முறை, இடைவேளைக்குத் தோடம்பழம் நாலாக வெட்டிக் கொண்டு போவது. விளையாட்டிலிருந்து ஒளிந்தவள் கடைசியில் உறைபனிக் காலையில் ஆறரை மணிக்கு மைதானத்தில் தோடம்பழம் வெட்டிக்கொண்டு நின்றாள்.

2018 ஜூன் மாதம். பத்தர்ஸ்ட் ஊரில் ஓர் ஆட்டம். நல்லாகத் தோற்றுப்போய்த் திரும்பி வருகிறோம். பொழுது படுகிற நேரம், கங்காருக்கள் மேய வரும் நேரமும் அதுதான். தெருவோரத்தில் ஒன்று அடிபட்டுக் கிடந்தது. அது அங்கே அன்றாடக் காட்சி, எல்லோரும் கடந்து போவார்கள், நாங்களும் போயிருப்போம். பின் ஆசனத்திலிருந்து மூத்தவள் கத்தினாள், "அப்பா, வயிறு அசையுது!"

தாய் செத்துவிட்டது. பைக்குள் குட்டி உயிரோடு இருந்தது. பிள்ளை அரைகுறையாகக் கேட்டு வைத்திருந்த அறிவுரை எங்களுக்கு உதவியது. முலையைப் பிடித்திருக்கும் குட்டியை இழுக்கக் கூடாது, வாய் கிழிந்துவிடும். நல்லகாலம், இது பிடித்திருக்கவில்லை. வெளியில் எடுத்து, அவளுடைய கோல் காப்புச் சட்டையால் சுற்றி, மேலங்கிக்குள் வைத்தோம். உதவித் தொலைபேசியில் ஒரு குரல் சொன்னது: சூடு, இருட்டு, அமைதி. பாலும் கொடுக்காதே, தண்ணீரும் கொடுக்காதே. அன்றிரவே நகருக்கு வெளியே ஒரு பண்ணையில் இருந்த, எழுபது வயது தாண்டிய அம்மையார் ஒருவரிடம் ஒப்படைத்தோம். அங்கே காட்டு விலங்கை நினைத்தபடி வீட்டில் வைத்திருக்கச் சட்டம் இடம் தராது. பயிற்சி பெற்று, அனுமதியுள்ள தொண்டர் அமைப்பில் சேர்ந்தால்தான் பராமரிக்கலாம். அதுவும் திரும்பக் காட்டில் விடுவதற்காக மட்டுந்தான், வளர்ப்பதற்கல்ல.

அடுத்த பத்து மாதம் அவள் எங்களை விடவில்லை. கடைசியில் நாங்கள் நால்வரும் பயிற்சிக்குப் போனோம். அங்கே கேட்டவை எனக்குப் பெரிய புதினம். சாம்பல் கங்காரு பிறக்கும்போது ஒரு கிராம்கூட இல்லை, ஒரு அவரை விதையளவு. கண் தெரியாத அந்தச் சிறு உயிர் தானாகவே தாயின் மயிரைப் பிடித்து ஏறிப் பைக்குள் போகிறது. பிறகு பதினொரு மாதம் அளவில் பைக்குள்தான். பெரிய பிள்ளை வெளியில் நின்று ஒரு முலையில் ஒருவிதப் பால் குடிக்க, உள்ளே இருக்கும் சின்னது இன்னொரு முலையில் வேறுவிதப் பால் குடிக்கும். இரண்டும் ஒரே தாயில், ஒரே நேரத்தில்! பசுப்பால் கொடுத்தால் வயிற்றோட்டம், கண்ணில் வெண்படலம். அதனால் வயதுக்கு ஏற்றபடி தனி மா வாங்கிக் கரைக்க வேணும். மயிர் முளைக்காத குட்டிக்கு 32 பாகை சூடு, முளைத்ததற்கு 28. கணவர் வைத்தியர். பால்மா கரைக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தால் சத்திர சிகிச்சை நடக்கிறது என்று நினைப்பீர்கள்.

2019 மே மாதம் இரண்டு குட்டிகள் வந்தன. ஒன்றைத் தனியாக வளர்க்கக் கூடாது, சோடி வேணும். அந்த நேரம் கொக்குவிலிலிருந்து என் அம்மா வந்திருந்தா. அவவும் இந்தக் கல்லூரியில் படித்தவதான். காலையில் எழும்பி வந்து பார்த்தால், கதவுப்பிடியில் இரண்டு துணிப்பைகள் தொங்குகின்றன. ஒன்றிலிருந்து நீண்ட கால் ஒன்று வெளியில்.

"இதென்ன பிள்ளை, ஏணை கட்டி வைச்சிருக்கிறாய்?"

விளக்கம் சொன்னேன். பையைத் தொட்டுப் பார்த்தா. "ஏணைக்கு உந்த முரட்டுத் துணி ஆகாது. பழஞ்சீலை எடு." தன் பெட்டியைத் திறந்து, தோய்த்துத் தோய்த்து மெதுவாகிப்போன பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்தா. இரவு பத்துக்கு ஒரு பால், இரண்டுக்கு ஒரு பால், ஆறுக்கு ஒரு பால். குடித்த பின் ஈரப் பஞ்சால் துடைத்தால்தான் சிறுநீர் போகும், தாய் நக்கிவிடுவதுபோல. ஐந்து பிள்ளை பெற்ற அம்மாவுக்கு இதெல்லாம் சொல்லித் தரத் தேவையிருக்கவில்லை. இரண்டில் துடியாட்டமானதைத் 'தம்பி' என்று கூப்பிட்டா. அது பெண் குட்டி. வயிற்றில் பை இருக்கிறது பாருங்கோ என்று இளையவள் காட்டினாள். "இருந்திட்டுப் போகட்டும்" என்றா. பெயர் நிலைத்துவிட்டது.

இனிச் சொல்லப் போவதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்து வந்தேன். ஆனால் செயலாளருக்கு எழுதி அனுப்பும்போது அதை விட்டுவிட்டு எழுத முடியவில்லை.

ஆகஸ்டில் அரையிறுதி ஆட்டம். கடைசி நிமிடத்தில் எதிரணிக்கு ஒரு பெனால்டி கோணர். என் மகள் பாய்ந்து விழுந்து தடுத்தாள். வெற்றி. எனக்குத் தலைகால் தெரியவில்லை. அந்த ஊரில் எங்கள் குடும்பத்தை எல்லோரும் ஒருசேரப் பார்த்த முதல் நாள் அது. அணி முழுவதையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன். பன்னிரண்டு பிள்ளைகள். ரோல்ஸ், பற்றிஸ், கேக். குட்டியைக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். மூத்தவள் கூடாது என்றாள். அம்மா உள்ளே நித்திரை. நான்தான் போய், இரண்டில் அமைதியாக இருந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அது ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போனது. படம் எடுத்தார்கள். கால் மணித்தியாலம் இருக்கும், அவ்வளவுதான்.

அந்த அம்மையார் முதல் நாளே சொல்லியிருந்தா. கங்காரு பயந்தால் சத்தம் போடாது, பேசாமல் இருக்கும், அந்தப் பேசாமையை அமைதி என்று நினைக்காதே என்று. பயத்தினால் அதன் தசை தானாகவே அழியத் தொடங்கும். இரண்டாம் நாள் பின்னங்கால் விறைத்தது. சிறுநீர் கபில நிறமாகப் போனது. மிருக வைத்தியர் செய்யக் கூடியதைச் செய்தார். நாலாம் நாள் விடியப்புறம் அம்மாவின் சேலைக்குள்ளேயே போய்விட்டது.

"நீங்கள்தான் காட்டினீங்கள்" என்றாள் மூத்தவள். அதற்குப் பிறகு ஒரு மாதமளவில் என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசினாள்.

அம்மையாருக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவ கேட்டது, "மற்றதுக்கு எத்தனை மணிக்குப் பால் கொடுத்தாய்?" அன்று பின்னேரமே தம்பிக்குச் சோடியாக இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டுப் போனா. இன்னும் எனக்கு விளங்கவில்லை, எந்த நம்பிக்கையில் தந்தா என்று.

இறுதியாட்டத்துக்கு மூத்தவள் போக மாட்டேன் என்றுவிட்டாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் பயிற்றுநர் வந்தார். நான் எதிர்பார்த்ததுபோல, விளையாட வா என்று கேட்கவில்லை. "நாளைக்குத் தோடம்பழம் வெட்ட ஆளில்லை" என்றார். போனாள். தன் கவசத்தை மற்றப் பிள்ளைக்குத் தானே கட்டிவிட்டாள். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். ஒரு பிள்ளைகூட அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் நான் அவ்வளவு பண்பை எதிர்பார்க்கவில்லை.

செப்டெம்பரில் ஓர் இரவு, இரண்டு மணிப் பாலுக்கு எழும்பிக் குசினியில் நிற்கிறேன். பின்னால் வந்து போத்தலை என் கையிலிருந்து வாங்கினாள். "நீங்கள் போய்ப் படுங்கோ, நாளைக்கு வேலை" என்றாள். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த வருடக் கடைசியில் வந்த காட்டுத்தீயைப் பற்றி நீங்கள் எல்லோரும் செய்தியில் பார்த்தீர்கள். ஏற்கெனவே கடும் வரட்சி, பிறகு மாதக்கணக்கில் புகை. உலகமெங்கும் இருந்து பெண்கள் பை தைத்து அனுப்பினார்கள், தேவைக்கு மேலாகவே குவிந்தது. ஊருக்குத் திரும்பியிருந்த அம்மாவும் தன் வகுப்புத் தோழிகள் நாலு பேரைச் சேர்த்துத் தைத்தா. அவர்களில் இருவர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். உங்கள் பைகள் வந்து சேர்ந்தன, மாமி. இன்னும் பாவிக்கிறோம்.

2020 இல் மழை வந்து புல் முளைத்தது. ஒக்டோபரில் தம்பியை விடும் நாள். அம்மையாரின் பண்ணைக்குக் கொண்டுபோய்ப் பல மாதம் மற்றவற்றோடு பழக விட்டிருந்தோம். விடுவது என்றால் துரத்துவதல்ல. படலையைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேணும், அவ்வளவுதான். மற்றவை போயின. தம்பி படலையில் நின்று திரும்பிப் பார்த்தது.

நான் அழுதேன். பிள்ளைகள் குட்டிக்காக என்று நினைத்தார்கள். அது மட்டுமில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு. இங்கே இருப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்த இரவைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் நாயை அவிழ்த்துவிட்டுப் படலையையும் திறந்து வைத்துவிட்டுத்தான் வெளிக்கிட்டோம். செம்மணி வெளிவரை பின்னாலேயே வந்தான். நாவற்குழிப் பக்கத்து நெரிசலில், மழைக்குள், பார்க்கும்போது அவனைக் காணவில்லை. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீடு இருந்தது, படலை திறந்தபடி இருந்தது. அதற்குப் பிறகு நான் எந்த நாட்டிலும் நாய் வளர்க்கவில்லை. கங்காருக் குட்டி வளர்க்கும் வீட்டில் நாய் இருக்கக் கூடாது என்று பயிற்சியில் சொன்னபோது, நல்லதாய்ப் போயிற்று என்று கையெழுத்துப் போட்டவள் நான். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு முதன்முதல் அந்தப் பண்ணை வேலியோரத்தில் வைத்துத்தான் சொன்னேன். மூத்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்க்கும்போது படலையில் தம்பி இல்லை. இரண்டு நாள் கழித்து ஒருமுறை வேலியருகே வந்ததாம். பிறகு வரவில்லை. வராமல் இருப்பதுதான் நல்ல செய்தி என்று அம்மையார் சொன்னா.

மூத்தவள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், அங்கே ஒரு கழகத்துக்குக் கோல் காக்கிறாள். அவளுடைய காரின் பின்பெட்டியில் கவசப் பை, மட்டை, ஒரு ரோச் லைற், அம்மம்மாவின் சேலைப் பைகள் இரண்டு, பிறகு ஒரு மஞ்சள் வர்ணத் தெளிப்பான். தெருவோரத்தில் கிடக்கும் கங்காருவின் பையைச் சோதித்துவிட்டால் அதில் ஓர் அடையாளம் போட வேணும். பின்னால் வருகிறவர்கள் இருட்டில் இறங்கி மினக்கெடத் தேவையில்லை. இளையவளுக்கு ஹொக்கி சரிவரவில்லை, இரண்டு மணிப் பால் இப்போது அவளுடைய பொறுப்பு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மண்டப வாசலில், பதிவு மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். உங்களிடம் பழைய பருத்திச் சேலை இருந்தால் அதில் போடுங்கோ. நைலெக்ஸ் வேண்டாம், பட்டு வேண்டவே வேண்டாம். சரிகைக் கரை இருந்தால் வெட்டிவிட்டுத் தாருங்கோ, நகம் மாட்டும். நல்லாகத் தோய்த்துத் தாருங்கோ, அங்கே விமான நிலையத்தில் கேள்வி கேட்பார்கள். என் பயணப் பெட்டியில் இன்னும் பதினொரு கிலோவுக்கு இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பயணம்.