படிக்கக் கூடாது என்று சொன்ன மண்ணில் பிள்ளைகளுக்கு எழுதுவது

(கல்லலில் இளைஞர்கள் கூடிய வாசிப்புக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘ஒரு சிறார் எழுத்தாளரின் அன்றாடம்’ என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் இந்த மண்ணின் வரலாற்றிலிருந்து ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் நான் ஏன் இப்படி எழுதுகிறேன் என்பது உங்களுக்குப் புரியாது.

1930 டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். நம் கல்லலும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் சட்டை போடக் கூடாது, கிராப் வெட்டக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூ வைக்கக் கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளையடிக்கப்பட்டன. அப்படியும் மக்கள் முழுதாகப் பணியவில்லை. 1931 ஜூனில் இன்னும் கடுமையான பதினொரு தடைகள் வந்தன. அவற்றில் ஒன்று, இவர்களின் பிள்ளைகள் எழுத்தறிவு பெறக் கூடாது என்பது. இன்னொன்று, அந்தப் பிள்ளைகள் மிராசுதார்களின் மாடு மேய்க்க வேண்டும் என்பது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், சாதி பற்றிய தன் நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

இதே செட்டிநாட்டு வட்டாரம்தான் தமிழுக்குக் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவைக் கொடுத்தது. 1922-இல் இராயவரத்தில் பிறந்தவர். இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதினார். 1944-இல் ‘மலரும் உள்ளம்’ வந்தது. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை உருவாக்கினார். பிள்ளைகளுக்கு எழுதுவதும் எழுத்துத்தான் என்று தமிழில் நிலைநாட்டியவர்களில் அவர் முக்கியமானவர். இன்றும் என் மேசையில் அவர் புத்தகம் இருக்கிறது. சந்தத்தை நான் கற்றுக்கொண்டது அவரிடம்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1931-இல் ஆறு வயதில் மாடு மேய்க்க அனுப்பப்பட்ட ஒரு சிறுமிக்கு, ‘மலரும் உள்ளம்’ வந்தபோது பத்தொன்பது வயது. பாட்டுப் புத்தகம் வருவதற்குள் அவளுடைய குழந்தைப் பருவம் முடிந்துவிட்டது. அந்தச் சிறுமியின் கொள்ளுப்பேத்திகள் இன்று அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று பள்ளிக் கல்வித்துறையே அவர்களுக்கு இதழ் நடத்துகிறது. இந்த இடத்துக்கு வந்து சேர எத்தனை பேர் போராடியிருக்கிறார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. படிக்கும் உரிமை வந்துவிட்டது. படிக்கிற புத்தகத்துக்குள் அந்தப் பிள்ளை இருக்கிறாளா என்பதுதான் என்னுடைய அன்றாடக் கேள்வி.

சரி, அன்றாடத்துக்கு வருகிறேன். விடியற்காலையில் எழுதுவேன். பகலில் அச்சகங்களுக்குப் பிழைதிருத்தும் வேலை, சோறு போடுவது அதுதான். பதினாறு பக்கப் படக்கதை ஒன்றில் மொத்தமே ஐந்நூறு சொற்கள் இருக்கும். அதற்கு மூன்று மாதம்கூட ஆகும். புத்தகத்தின் விலை 40 ரூபாய், ஆயிரம் பிரதி, பத்து விழுக்காடு உரிமைத்தொகை என்றால் என் கைக்கு வருவது 4,000 ரூபாய். அதுவும் எல்லாம் விற்றால்.

எழுதியதை ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடம் வாய்விட்டு வாசிப்பேன். எந்த வரியில் அவர்கள் ஓணானைப் பார்க்கத் திரும்புகிறார்களோ, அந்த வரியை அடித்துவிடுவேன். ஆனால் எங்கே உட்கார்ந்து வாசிப்பது என்பது இந்த ஊரில் எளிய கேள்வி இல்லை. ஊர்த்தெருவில் வாசித்தால் இந்தப் பிள்ளைகள் தயங்கி நிற்பார்கள். இங்கே வாசித்தால் அந்தப் பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். அதனால் இரண்டுக்கும் பொதுவாக, ரயிலடிப் பக்கம் ஒரு புளியமரத்தடியைப் பிடித்தேன். ஒரு கதை வாசிப்பதற்கே இப்படி நிலம் தேட வேண்டியிருக்கிறது.

அடுத்தது படம். ‘வீடு’ என்று எழுதி அனுப்பினால், ஓவியர் ஓட்டு வீடும் திண்ணையும் துளசி மாடமும் வரைந்து அனுப்புகிறார். அவர் மீது தப்பில்லை, அவர் பார்த்து வளர்ந்த புத்தகங்கள் அப்படி. நான் இப்போது கதையோடு கைபேசியில் எடுத்த படங்களையும் அனுப்புகிறேன். ஒற்றை அறைத் தொகுப்பு வீடு, வாசலில் வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள், கொடியில் பள்ளிச் சீருடை. சாப்பாடும் அப்படித்தான். நம் சிறார் கதைகளில் பிள்ளைகள் லட்டும் பாயசமும் தின்றுகொண்டே இருக்கிறார்கள். என் கதையில் ஒரு சிறுவன் வயலில் நத்தை பொறுக்கி வருகிறான், அவன் ஆத்தா குழம்பு வைக்கிறார். அதை வாசித்தபோது ஒரு பிள்ளை, “எங்க வீட்லயும்தான்!” என்று கத்தினாள். அதுவரை அவள் அதை வெளியே சொன்னதில்லை.

ஒரு பதிப்பகத்துக்குக் கதை ஒன்று அனுப்பியிருந்தேன். சைக்கிள் வாங்கிய பையன் ஒருவன் ஊர்த்தெரு வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறான். அவன் தங்கை இறங்க மாட்டேன் என்கிறாள். இவ்வளவுதான் கதை. ‘பிள்ளைகளுக்கு எதற்குச் சாதி? சைக்கிள் கற்றுக்கொள்ளும் கதையாக மாற்றுங்கள்’ என்று பதில் வந்தது. நான் கதையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

‘பிள்ளைகளுக்கு எதற்குச் சாதி?’ என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள்தான். ஆனால் எந்தப் பிள்ளையை மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள்? எந்தத் தெருவில் செருப்போடு நடக்கலாம், யார் வீட்டில் தண்ணீர் கேட்கலாம் என்பதை எங்கள் பிள்ளைகள் அ, ஆ எழுதப் பழகும் முன்பே தெரிந்துகொள்கிறார்கள். மறுபக்கத்துப் பிள்ளைகளுக்கும் யாரை ‘வாடா’ என்று கூப்பிடலாம் என்பது தெரிந்துவிடுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் சக மாணவர்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. பிள்ளைகளின் மணிக்கட்டுக்குச் சாதி வந்துவிட்டது. கதைப் புத்தகத்துக்கு மட்டும் வரக் கூடாது என்றால் அந்த மௌனம் யாரைக் காப்பாற்றுகிறது?

இதைப் புரிந்து எழுதுபவர்கள் இருக்கிறார்கள். விஷ்ணுபுரம் சரவணனின் ‘கயிறு’ என்ற சிறு நூல் இந்தக் கயிற்றைப் பற்றி நேரடியாகவே பேசுகிறது. 2023-இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’, நம் மாவட்டத்துக் கீழடியைக் கதைக்களமாகக் கொண்டது. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் ‘ஆதன்’ என்ற பெயர் கீறப்பட்டிருந்ததை நாம் அறிவோம். எழுதக் கூடாது என்று தடை போட்ட இதே சீமையில்தான், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சமையல் பானையில் எழுத்து இருந்திருக்கிறது.

சாதியை எழுதுவது என்றால் அழுகையை எழுதுவது என்று நினைத்துவிடாதீர்கள். ஒடுக்கப்பட்ட பிள்ளை கதைக்குள் வந்தாலே அடிபட வேண்டும், கடைசியில் கலெக்டர் ஆக வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பேய்க்கதை பிடிக்கும், குசு விட்ட ராஜா கதை பிடிக்கும், கண்மாய்க்குள் முதலை வந்தால் ரொம்பப் பிடிக்கும். முதலையைப் பிடிக்கப் போகிறவள் எங்கள் தெருக்காரியாக இருக்கட்டும், அவள் பெயரும் வீடும் நிறமும் மாறாமல் இருக்கட்டும். நான் கேட்பது இதைத்தான்.

2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு, வரவேற்கிறேன். ஆனால் சொல்லை எடுத்த பிறகும் தெரு தனியாகத்தான் இருக்கிறது. ஒரு தெருப் பிள்ளை இன்னொரு தெருப் பிள்ளையின் வீட்டுக்குள் போய் விளையாடுகிற நாள் வரும்வரை, அந்த வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கதையாவது சொல்லட்டும்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் ஊர் நூலகத்தின் சிறுவர் பகுதிக்குப் போய், அங்கிருக்கும் படங்களில் எந்த வீடு, எந்தச் சாப்பாடு, எந்த நிறம் இருக்கிறது என்று பாருங்கள். இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் புளியமரத்தடிக்கு வாருங்கள். சைக்கிள் கதையை அங்கேதான் வாசிக்கப் போகிறேன். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வர வேண்டும் என்றால், வீடுவீடாகப் போய்க் கூட்டி வர ஆள் வேண்டும்.