இஸ்கூல்னு சொன்னா சிரிக்காதீங்க!

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



குழுவில் கடன் வாங்கி எல்.கே.ஜி. பீஸ் கட்டுகிற அம்மாக்கள் நம்மில் நிறைய பேர். அந்தப் பிள்ளை ‘இஸ்கூல்’, ‘பஸ்ஸு’ என்று சொன்னால் அதட்டுகிறோம். வீட்டில் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். நாலு தடவை சிரித்தால் அஞ்சாவது தடவை பிள்ளை வாயையே திறக்காது. பீஸ் கட்டியும் நமக்கு நஷ்டம் அதுதான்.

பிள்ளை ஏன் அப்படிச் சொல்லுது? நம்ம தமிழ் வார்த்தை எதுவும் ‘ஸ்க்’ என்று புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காது. அதனால் நாக்கு முன்னாடி ஒரு ‘இ’ போட்டுக்கொள்கிறது. பாக்கு, நாக்கு என்று முடித்தே பழகியதால் ‘புக்’ என்பது ‘புக்கு’ ஆகிறது. ‘ஃப’ சத்தமும் நம்ம பேச்சில் கிடையாது. அதனால் மேலே சுத்துற ஃபேனும் தலையில் ஊறுற பேனும் பிள்ளைக்கு ஒண்ணுதான்!

இன்னொன்று வயசு. இங்கிலீஷையே தாய்மொழியாகப் பேசுகிற சின்னப் பிள்ளைகளும் ‘ரெட்’ என்பதை ‘வெட்’ என்றும், ‘ஸ்பூன்’ என்பதை ‘பூன்’ என்றும்தான் சொல்லும். வளர வளர பெரும்பாலும் தானாகச் சரியாகும்.

நாம் என்ன செய்யணும்? ‘இஸ்கூல் போறேன்’ என்றால், ‘ஆமா கண்ணு, ஸ்கூல் போகலாம்’ என்று சரியான சத்தத்தை நாம் சொன்னால் போதும். திருப்பிச் சொல்லச் சொல்லி நச்சரிக்க வேண்டாம். ‘ஃப’ வர, மேல் பல்லால் கீழ் உதட்டைத் தொட்டுக் காற்று ஊதுவதை விளையாட்டாகக் காட்டுங்க. இங்கிலீஷ் தெரியாத அம்மா வருத்தப்பட வேண்டாம். தமிழில் கதை சொல்லுங்க. பேச்சு வளர்ந்தாலே இங்கிலீஷும் வரும்.

ஆனால் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீங்க. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, இரண்டு வயதாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லாத பிள்ளை, அடிக்கடி காதில் சீழ் வடிகிற பிள்ளை இருந்தால் உடனே காதைச் சோதிக்கணும். 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு வருகிறது. பரிசோதனை இலவசம். அதுவரை காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காட்டலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில், நம்ம தெருவில் அப்படிப் பிள்ளை யாராவது இருக்கா என்று ஒரு வார்த்தை கேளுங்க.