மருந்துக்கும் ஒரு பாஸ்புக்

பாஸ்புக் என்றால் வங்கி ஞாபகம்தான் வரும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைக்கும் பாஸ்புக் உண்டு! 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் ஏற்பாடு அது. இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று மருத்துவமனைக்கு ஒதுக்கிவிடுவார்கள். மாவட்டக் கிடங்கில் எடுக்க எடுக்க, பாஸ்புக்கில் கழியும்.

சாதாரண நோட்டுதானே என்கிறீர்களா? எந்த ஊரில் எந்த மருந்து எவ்வளவு செலவாகிறது என்பதை அந்தப் பதிவுகள்தான் காட்டிக்கொடுத்தன. அடுத்த கொள்முதலுக்குக் கணக்குப் போட அது போதும்.

இன்னொரு கெட்டிக்காரத்தனம்: மருந்து மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பும்போது கம்பெனி பெயரை மறைத்துவிடுவார்கள், பொதுத்தேர்வு விடைத்தாள் மாதிரி!

இந்த வழியைப் பார்த்துக் கேரளம் 2007-லும், ராஜஸ்தான் 2011-லும் தங்களுக்கென்று கழகம் அமைத்துக்கொண்டன.