பார்த்துக்கொள்பவருக்கும் லீவு வேண்டும்

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியது)



படுக்கையில் இருக்கும் அம்மா, ஞாபக மறதி வந்த கணவர், பக்கவாதம் வந்த மனைவி என்று வீட்டிலேயே வைத்துப் பார்ப்பவர்கள் நம் குடியிருப்பில் இருக்கிறீர்கள். பலருக்கு அறுபது தாண்டிவிட்டது. உங்களுக்கே சுகர், பிரஷர், முட்டிவலி. நீங்களும் படுத்துவிட்டால் அந்த வீட்டில் இரண்டு நோயாளிகள். அதனால்தான் ஓய்வைப் பற்றிப் பேசுகிறேன்.

வங்கியில் கேஷியர் லீவு போட்டால் கவுண்டரை மூட மாட்டோம். புத்தகத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி, சாவியை இன்னொருவரிடம் ஒப்படைப்போம். வீட்டிலும் அப்படிக் கை மாற்றிவிட வழிகள் உண்டு.

முதலில் உறவுகள். ‘எப்பவாவது வந்து பாருங்க’ என்றால் யாரும் வர மாட்டார்கள். ‘மாசம் ரெண்டாவது சனிக்கிழமை நீ அப்பாகிட்ட இரு’ என்று தம்பியிடம் நாள் சொல்லிக் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை ஆள் வைக்கும் செலவை ஏற்கட்டும்.

அடுத்து, ஏஜென்சி மூலம் வரும் ஆள். உதவியாளர் வேறு, பயிற்சி பெற்ற நர்ஸ் வேறு. மூக்குக் குழாய் வழி உணவு, ஊசி, புண்ணுக்குக் கட்டு என்றால் நர்ஸைத்தான் கேளுங்கள். அடையாள அட்டை, போலீஸ் சரிபார்ப்பு, ஆள் வராத நாளில் மாற்று ஏற்பாடு எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். முதல் இரண்டு நாள் கூடவே இருங்கள். ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் மட்டும் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, பகல் நேர மையம் அல்லது முதியோர் இல்லத்தில் ஓரிரு வாரத் தங்கல். கல்யாணம், கண் ஆபரேஷன் என்று அவசரம் வருமுன்பே போய்ப் பாருங்கள். இரவில் நர்ஸ் உண்டா, டயப்பரும் மருந்தும் தனிக் கணக்கா, முன்பணம் திரும்புமா என்று கேளுங்கள்.

தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 14567 முதியோர் உதவி எண்ணுக்குக் கட்டணமில்லை. 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டிலேயே வங்கிச் சேவை தரச் சொல்லி 2017-இலேயே ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. கிளையில் கேளுங்கள், ஓர் அலைச்சல் குறையும்.

எந்த வழியானாலும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள்: மருந்து நேரம், ஒத்துக்கொள்ளாத மருந்து, சாதம் எவ்வளவு குழைய வேண்டும், எப்படித் தூக்கி உட்கார வைப்பது, டாக்டர் எண், கோபம் வந்தால் என்ன சொன்னால் அடங்குவார். அந்தத் தாள் இல்லாவிட்டால் கோயிலுக்குப் போனாலும் மனசு வீட்டில்தான் இருக்கும்.

‘நம்மைப் போல யார் பார்ப்பார்கள்?’ என்பீர்கள். யாரும் பார்க்க மாட்டார்கள். நாலு மணி நேரம் பத்திரமாகப் பார்த்தால் போதும்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்து வீட்டில் ‘ஏதாவது வேணும்னா சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டு வராதீர்கள். ‘புதன்கிழமை நாலு மணிக்கு வர்றேன், ஆறு வரைக்கும் உட்கார்றேன், நீங்க வெளியே போயிட்டு வாங்க’ என்று சொல்லுங்கள்.