ஜமீன் போனது சாபத்தாலா?

(வருசநாட்டில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது கண்டமனூர் ஜமீனைப் பற்றியதாகும். ராஜா கதை என்றால் நமது ஜனங்களுக்கு நிரம்பப் பிரியம். யானை எத்தனை, அரண்மனை எவ்வளவு உயரம் என்று கேட்பார்களே ஒழிய, அந்தப் பூமி அவர்களுக்கு எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

பாளையம் என்றால் பட்டாளம் தங்குமிடம் என்றுதான் அர்த்தம். 1529-ல் மதுரையில் பட்டத்துக்கு வந்த விசுவநாத நாயக்கரும், அவரது தளவாய் அரியநாத முதலியாரும் ராஜ்யத்தை 72 பாளையமாகப் பிரித்தார்கள் என்று சரித்திரம் சொல்லுகின்றது. வசூலில் ஒரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படைக்கு, ஒரு பங்கு பாளையக்காரருக்கு. கண்டமனூர், போடிநாயக்கனூர் எல்லாம் இந்த ஏற்பாட்டின் வழி வந்தவைகளே. உழுதவனுக்கு எந்தப் பங்கு என்கிறீர்களா? பங்கு போட்டவர்கள் அதைக் கேட்கவில்லை.

இது நமது நாட்டுக்கு மாத்திரம் உரிய விஷயமல்ல. சீமையில் 'டியூக்' என்று ஒரு பட்டம் உண்டு. அதன் மூலமான லத்தீன் வார்த்தைக்கும் படைத்தலைவன் என்பதே பொருள். நார்மண்டி டியூக்கான வில்லியம் 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்து, நிலத்தைத் தன் தளபதிகளுக்குப் பங்கு போட்டான். இவன் முறையான கலியாணத்தில் பிறந்தவனல்ல. தாய் ஒரு தோல் பதனிடுகிறவன் மகள் என்றும் சொல்லுவார்கள். ஆனாலும் பாதிரிமார்களே அவன் தலையில் கிரீடம் வைத்தார்கள். இங்கேயோ, தோல் வேலை செய்கிறவன் மதுரைக் கோவிலுக்குள் நுழைய 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது!

1087-ல் வில்லியம் செத்தான். கான் என்ற ஊரில் தான் கட்டிவைத்த மடத்திலே புதைக்கப் போகையில், அசெலின் என்ற ஒருவன் எழுந்து, அந்த இடம் தன் தகப்பனுடையதென்றும், வில்லியம் பிடுங்கிக்கொண்டானென்றும், அங்கே புதைக்கக் கூடாதென்றும் தடுத்தானாம். அக்கம்பக்கத்தார் அது மெய்யென்று சாட்சி சொன்னார்கள். குழிக்கு விலை கொடுத்த பிறகே புதைத்தார்கள். இதை எழுதிவைத்தவரும் ஒரு மடத்துச் சாமியாரே.

இனி நமது ஊருக்கு வருவோம். கும்பினியார் 1802-ல் சாசுவத நிலவரித் திட்டம் கொண்டுவந்தார்கள். பேஷ்குஷ் கட்டினால் போதும், படை வேண்டாம் என்றார்கள். பாளையக்காரர் ஜமீன்தார் ஆனார். படைக்கென்று வாங்கிய பங்கு குடிகளுக்குத் திரும்பிற்றா? இல்லை.

இந்த ஜமீன் ஒரு சாமியாரின் சாபத்தால் அழிந்தது என்று இங்கே கதை சொல்லுகிறார்கள். நாம் கேட்பது இதுதான்: 1948-ம் வருஷத்து 26-வது சட்டத்தால் சென்னை ராஜதானி முழுவதுமே ஜமீன் முறை ஒழிக்கப்பட்டதே, அத்தனை பேருக்கும் அந்தச் சாமியாரா சாபம் விட்டார்? சாபத்தை நம்புவதில் ஜமீன்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. குடிகள் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

ஜமீன் போயும் நிலம் தங்கள் பெயருக்கு வராதவர்கள் இந்த மலையோரத்தில் இருக்கிறார்கள். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டமும் இருக்கின்றது. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முந்திய அனுபவத்தைக் காட்ட வேண்டும். மற்றவர்கள் 75 வருஷ வாசத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும். மனுப் போடுமிடம் கிராம சபை. ஊர்க் கிழவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் அத்தாட்சியாகும். ஆகவே தோழர்களே, சாபக் கதை சொல்லுகிற அதே கிழவர்களிடம் எந்தக் காட்டை யார் எப்போது திருத்தினார்கள் என்றும் கேட்டு எழுதி, கைநாட்டு வாங்கி வையுங்கள்.